பங்குனிக்குச் சரியான சைக்கிள்

அவருடைய வலது கைக் கட்டைவிரல் எப்போதும் கறுப்பாகவே இருக்கும். சைக்கிள் எங்கே நின்றாலும் டயரை அமுக்கிப் பார்த்துவிடுவார். கடையில் நிற்கிற சைக்கிளை அமுக்கினால் சரி, அது அவர் வேலை. டீக்கடை வாசலில் எவனோ நிறுத்திவிட்டுப் போன சைக்கிளை என்னத்துக்கு அமுக்க வேண்டும்? அமுக்குவார். காற்று குறைவாக இருந்தால் உள்ளே போய், "இந்த வண்டி யாருது? பின் டயர்ல காத்து இல்ல. இப்படியே ஓட்டுனா டியூப் போயிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். வடையும் கையுமாக நிற்கிறவன் முறைப்பான். முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிடுவார்.

பெயர் எனக்குத் தெரியாது. தென்காசியில் அந்த சைக்கிள் ஷோரூமுக்குப் போகிற எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அண்ணாச்சி என்றேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியும் அண்ணாச்சிதான். ஆனால் முதலாளி அண்ணாச்சியைக் கூப்பிட்டால் முதலாளி மட்டும் திரும்புவார். இவரைக் கூப்பிட்டால் நாம் வந்த சைக்கிளையும் சேர்த்துத் திரும்பிப் பார்ப்பார்.

விற்பனைக்கு நிற்கிற ஆள் விற்க வேண்டுமா இல்லையா? இவருக்கு அது வரவே வராது. ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், மீசையும் தொப்பையுமாக வந்தார். முட்டி வலிக்கு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறாராம், இருப்பதிலேயே நல்ல வண்டியாக எடுத்து வை என்றார். நம்ம ஆள் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, "எந்த முட்டி சார்?" என்று கேட்டார். வலது முட்டி. "பக்கத்து வீட்டுல பழைய சைக்கிள் எதுவும் கிடக்கா? அத வாங்கி ரெண்டு மாசம் ஓட்டிப் பாருங்க. ஓட்டுனியன்னா வாங்க, நல்ல வண்டியாத் தாரேன். இல்லன்னா இது உங்க வீட்டுல துணி காயப்போடத்தான் ஆகும்." போலீஸ்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என்னைய ஓட்ட மாட்டேங்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அந்த வீட்டுக்குத் துணி காயப்போடும் கம்பி ஒன்று நஷ்டம்.

பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் நாலு வருஷம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு வருகிற தகப்பன்மாரிடமும் இதே கதைதான். "வளருற வரைக்கும் அது விழுந்துக்கிட்டுல்லா கிடக்கும்?" என்பார். பிறகு அவருடைய வழக்கமான ஒரு வாசகம் வரும். "உள்ளதச் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய." அதைக் கேட்ட பிறகுதான் பாதிப் பேருக்குக் கோபமே வரும்.

சைக்கிள் கடைக்கு வருவதற்கு முன்னால் அவர் புளியங்குடியில் ஓர் எலுமிச்சம்பழக் கமிஷன் கடையில் இருந்தவர். சொந்த ஊரும் அதுதான். கேரளாவிலிருந்து வந்த வியாபாரி மூட்டையின் வாயைத் திறந்து, மேலாக இருந்த பெரிய பழங்களைப் பார்த்து விலை பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற இவர், "அடியிலயும் கைய விட்டுப் பாருங்க சேட்டா" என்றிருக்கிறார். சாயங்காலத்துக்குள் வேலை போய்விட்டது. இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். வருத்தப்பட்டுச் சொன்னால் நாமும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சிரிக்கிறவரை என்ன செய்ய?

என் கதைக்கு வருகிறேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிறவள் நான். வீடு தென்காசியில். நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர். மற்ற மாதங்களில் பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். ஆனி, ஆடி, ஆவணியில் அப்படி இல்லை. சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால் எங்கெங்கிருந்தோ வேனும் காருமாக வந்து சாலையை அடைத்துக்கொள்ளும். மேலகரத்தில் நின்ற பஸ் நின்றபடியே நிற்கும். உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடிப்பதைத் தவிர நமக்கு வேலை இல்லை. சீசனில்தான் லாட்ஜில் கூட்டம், சீசனில்தான் நான் தினமும் லேட். மேனேஜர் ஒரு நாள் ரிஜிஸ்தரை மூடி வைத்துவிட்டு, "அடுத்த சீசன்லயும் இதே கதைன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதாம்மா" என்று சொல்லிவிட்டார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னார்.

ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. அதை வீட்டுக்காரர் ஆலங்குளத்துக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் சைக்கிள் என்று முடிவு செய்தேன். கார்கள் நிற்கிற இடத்தில் இடுக்கில் புகுந்து போய்விடலாமே. சீசனுக்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டும் என்று பங்குனி மாதம் கடைக்குப் போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று ஆரஞ்சு நிறத்தில் இருபத்தொரு கியர் வைத்தது. இன்னொன்று கறுப்பு. மெலிந்த உடம்பு, கியர் கிடையாது, ஒன்றும் கிடையாது. பெங்களூரில் இருக்கும் முதலாளியின் மருமகன் பேச்சைக் கேட்டு வரவழைத்தது, அதற்குப் பெயர் ஃபிக்ஸி என்றார்கள். பார்க்கக் கறுப்புதான் அழகு. ஆனால் நான் அழகுக்கா வந்தேன்? கியர் வண்டியைக் காட்டி, "இதத் தாங்க" என்றேன். அண்ணாச்சி அசையவில்லை.

"யம்மா, எங்கன வேலை?"

"குத்தாலத்துல, லாட்ஜ்ல."

"எத்தன மணிக்குப் போவிய? எத்தன மணிக்குத் திரும்புவிய?"

"எட்டு மணிக்கு அங்க இருக்கணும். அஞ்சு மணிக்குக் கிளம்பலாம்."

"வண்டி அங்க எதுக்கு அடியில நிக்கும்? கூரை உண்டா?"

"வேப்பமரம் உண்டு."

"சரி, ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

"ஓட்டப்போறது நான்தான அண்ணாச்சி?"

"ஓட்டப்போறது நீங்க. சொல்லப்போறது நான்லா?"

இது அவருடைய வழக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது. யார் எந்த வழியாக வேலைக்குப் போகிறார்களோ, அந்த வழியில், அவர்கள் போகிற நேரத்தில், தானே ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் சரி என்று சொல்ல மாட்டார். மறுநாள் காலை எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாட்ஜ் வாசலில் ஆரஞ்சு வண்டியில் வந்து இறங்கினார். அதற்கடுத்த நாள் அதே நேரம் கறுப்பு வண்டியில் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, போகிற போக்கில் எங்கள் மேனேஜரின் பைக் டயரையும் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார். இந்த ஆள் கிறுக்கா, இல்லை நான்தான் கிறுக்கு பிடித்த கடைக்குப் போய்விட்டேனா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் கடைக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, டாக்டர் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி ஆரம்பித்தார். "ஏறுறது பிரச்சனையே இல்ல. லேசான ஏத்தம், எந்த வண்டியும் ஏறிரும். எறங்குறதுதான். சீசன்ல சாரல்ல ரிம்மு நனைஞ்சிரும். நனைஞ்ச ரிம்முல ரப்பர் பிரேக் பிடிக்காது. கியர் வண்டியிலயும் அதே ரப்பர்தான். முன்னால போற வேன்காரன் டபக்குன்னு நின்னா, நீங்க அவன் முதுகுலதான் போய் நிப்பிய."

எனக்குத் திக்கென்றது. கல்யாணமான புதிதில் என் பழைய லேடீஸ் சைக்கிளில் மழைக்குள் பிரேக் பிடிக்காமல் ஒரு பலாப்பழ வண்டியில் போய் மோதியவள் நான். நெற்றியில் இப்போதும் தழும்பு உண்டு. அது அவருக்கு எப்படித் தெரியும்?

கறுப்பு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சக்கரத்தோடு சேர்ந்து பெடலும் சுற்றியது. "சாதா சைக்கிள்ல மிதிக்கத நிப்பாட்டுனா சக்கரம் தன்னால ஓடும். இதுல ஓடாது. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், உங்க காலும் சுத்தும். நீங்க கால அமத்திப் பிடிச்சா வண்டியும் அமந்திரும். முன்னால ஒரு பிரேக் இருக்கு, பின்னால உங்க காலுதான் பிரேக். மழையில காலு வழுக்குமா?"

"அந்த இருபத்தொரு கியர்?"

"உங்க பாதைக்கு ரெண்டு போதும். மிச்சம் பத்தொம்பதும் வேப்பமரத்தடியில நனைஞ்சு துருப்பிடிக்கும். பிடிச்சுதுன்னா இங்கன சரி பண்ண ஆள் இல்ல, திருநவேலிக்குத்தான் கொண்டு போகணும். உள்ளதச் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய."

கறுப்பின் விலை ஆரஞ்சில் பாதிதான். அதை அவர் சொல்லவே இல்லை, பில் போடும்போதுதான் நானே பார்த்தேன்.

முதல் நாள் கடை வாசலிலேயே விழுந்தேன். நம் எல்லோருக்கும் சைக்கிள் என்றால் நாலு மிதி மிதித்துவிட்டுக் காலை நிறுத்திச் சும்மா போகிற சுகம்தானே? அந்த ஞாபகத்தில் காலை நிறுத்தினேன். பெடல் நிற்குமா? என்னைத் தூக்கிப் போட்டுவிட்டது. தெருவில் போன ரெண்டு பேர் சிரித்தார்கள். அண்ணாச்சி ஓடி வந்து முதலில் வண்டியைத் தூக்கினார், பிறகுதான் என்னைப் பார்த்தார். "அது உங்கள விடாது. நீங்களும் அத விடாதிய" என்றார். பத்து நாளில் பழகிவிட்டது. பழகிய பிறகு பங்குனி வெயிலில், ஒரு இலை அசையாத காலையில், அந்த வண்டியில் குற்றாலம் போவது இருக்கிறதே, அடடா! சங்கிலி சத்தம்கூடக் கேட்காது. அருவியில் பாறை மட்டும் காய்ந்துகொண்டிருக்கும், நான் மகாராணி மாதிரி போய் இறங்குவேன்.

அந்த சந்தோஷத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சித்திரைக் கடைசியில் பெல் மாட்டக் கடைக்குப் போனபோது அண்ணாச்சி வெளியே போயிருந்தார். கல்லாவில் முதலாளி. "வண்டி எப்படிம்மா ஓடுது?" என்று ஒரு வார்த்தைக்குக் கேட்டார். நான் ஒரு வார்த்தையில் நிறுத்துகிறவளா?

"உங்க கடையில இருக்காரே அண்ணாச்சி, அவரக் கோயில் கட்டிக் கும்பிடணும். நான் அந்தக் கியர் வண்டியத்தான் கேட்டேன். 'இருபத்தொரு கியர் உங்களுக்கு எதுக்கும்மா, மழையில துருப்பிடிச்சிரும், சரி பண்ணக்கூட இங்க ஆள் இல்ல'ன்னு சொல்லிட்டாரு. இந்தக் காலத்துல எவன் இப்படிச் சொல்லுதான்? நான் எங்க தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

முதலாளி சிரித்தார். எதிர்க்கடையிலிருந்து எனக்கு ஒரு பாதாம் பால் வரவழைத்துக் கொடுத்தார். நான் பாராட்டியது அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து, மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனால் அண்ணாச்சி இல்லை. பில் போடுகிற பெண்தான் இருந்தாள். எங்கே என்று கேட்டேன்.

"நிப்பாட்டிட்டாங்கக்கா."

"எதுக்கு?"

அவள் கல்லாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "யார் வந்தாலும் கியர் வண்டியத்தான் காட்டணும்னு முதலாளி எல்லார்ட்டயும் சொல்லியிருந்தாரு. நீங்க எதுக்குக்கா அன்னைக்கு அவ்வளவும் சொன்னிய?"

"நல்லதுதானட்டி சொன்னேன்?"

"நல்லதுதான். அதான்." அண்ணாச்சியின் மகள் அந்த வருஷம் நர்சிங் சேர இருந்தாள் என்பதையும் அவளே சொன்னாள். முதலாளி எதற்குப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டு முகவரி கேட்டேன். மேலப்புளியங்குடிப் பக்கம் எங்கேயோ என்றாள், சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா? போய் என்ன சொல்வேன், உங்களைப் பாராட்டிவிட்டேன் அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க என்றா?

பிறகு ஆனி பிறந்தது. காற்று வந்தது.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. செங்கோட்டைக் கணவாய்க்குள் நுழைந்து, மேற்கிலிருந்து அது வருகிற வேகத்தில் துணி கொடியில் நிற்காது, குடை கையில் நிற்காது. குற்றாலம் போகிற திசைக்கு அது நேர் எதிர். மேலகரம் தாண்டி வயல்வெளி வந்ததும் என் கறுப்பு வண்டி நின்றுவிட்டது. எழுந்து நின்று மிதித்தேன், நகரவில்லை. கியர் வண்டியாக இருந்தால் லேசான கியரில் போட்டு மெல்ல மெல்ல மிதித்துப் போயிருக்கலாம். இதில் ஒரே கனம்தான். இறங்கித் தள்ளினேன்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டார். சாரலைக்கூட யோசித்தார், அந்தச் சாரலைக் கொண்டு வருகிற காற்றை யோசிக்கவில்லை. அவர் ஓட்டிப் பார்த்தது பங்குனியில். புளியங்குடியிலும் காற்று அடிக்கும், ஆளைத் தள்ளாது. சரி, அவர் புளியங்குடிக்காரர். தென்காசியில் பிறந்து வளர்ந்த எனக்கு எங்கே போயிற்று புத்தி? வருஷம் முழுக்க பஸ்ஸுக்குள் உட்கார்ந்து போனவளுக்குக் காற்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் அடித்திருக்கிறது.

"ஏட்டி, கியர் வண்டியா மாத்திக்கிட வேண்டியதுதான? காத்தோட என்னத்துக்கு மல்லுக்கு நிக்க?" என்றார் வீட்டுக்காரர். நான் மாற்றவில்லை. அண்ணாச்சிக்கு வேலை போனதே இந்த ஒரு வார்த்தைக்காக. அந்த வார்த்தையும் தப்பு என்று ஆகிவிட்டால் அந்த மனுஷனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? அந்த வண்டியை நான் ஓட்டுகிற வரைக்கும் அவர் சொன்னது சரி. இப்படி ஒரு கிறுக்குக் கணக்கு என் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புவேன். பாதி தூரம் மிதித்து, பாதி தூரம் தள்ளி, எட்டு மணிக்கு லாட்ஜில் இருப்பேன். என் வேலை போகவில்லை, கெண்டைக்கால்தான் போயிற்று.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது சீசனில் ஒரு நாள் சாயங்காலம் நன்னகரம் இறக்கத்தில் நல்ல சாரல். முன்னால் போன வேன் டபக்கென்று நின்றது. கை பிரேக் வழுக்கிவிட்டது. கால் பிடித்தது. வேனின் பின்கண்ணாடிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றேன். இறங்குகிறதைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

மூன்றாவது சீசனில், ஆடி மாதம், குற்றாலம் நுழைகிற இடத்தில் ஒரு பழவண்டி நின்றது. நீலத் தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வெளியூர்க் குடும்பம் ஒன்று ஈரத்தலையோடு நின்று மங்குஸ்தான் கேட்டது. "மங்குஸ்தான் முந்தாநாள் வந்தது. ரம்புட்டான்தான் இன்னைக்கு வந்தது, அத எடுங்க" என்று குரல் கேட்டதும் தள்ளிக்கொண்டு வந்த வண்டியை அப்படியே நிறுத்தினேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"யம்மா! நல்லாருக்கியளா? என்ன, வண்டிய உருட்டிக்கிட்டு வாரிய?"

"பஞ்சர் அண்ணாச்சி" என்றேன்.

யாரிடம் போய் என்ன பொய் சொல்கிறோம் என்கிற புத்தி வேண்டாமா? அவர் கையில் இருந்த பழத்தை வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். முன் டயரை அமுக்கினார். மறுபடியும் பின் டயரை அமுக்கினார். காலையில் நானே பம்ப் வைத்து அடித்த காற்று, ரெண்டும் கல்லு மாதிரி இருந்தன. குனிந்தவர் உடனே நிமிரவில்லை. அவருடைய தார்ப்பாய் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்து மேற்கே பார்த்தார். நான் வந்த சாலையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நான் பங்குனியிலல்லா ஓட்டிப் பாத்தேன்" என்றார்.

நான் பெல்லில் இருந்த ஈரத்தை விரலால் துடைத்தேன்.

"எத்தன நாளா இப்படித் தள்ளுதிய?"

"மூணு சீசனா."

"மூணு சீசனாவா?" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்பாச் சொல்லிட்டேம்மா. எறங்குறத மட்டும் பாத்தேன், காத்தப் பாக்கல. உங்களுக்குக் கியர் வண்டிதான் சரி."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நடு ரோட்டில், அத்தனை கூட்டத்தில், வெட்கமில்லாமல் அழுதேன். "அண்ணாச்சி, உங்க வேலை போனது என்னாலதான். நான்தான் முதலாளிட்ட வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாம..."

"தெரியும். அவரு சொல்லித்தான அனுப்புனாரு." ஒரு ரம்புட்டானை உரித்து என் கையில் வைத்தார். "நான் சொன்னத, நான் சொன்னேன்னு சொன்னிய. உள்ளதத்தான சொன்னிய? அதுக்கு ஒரு நாளும் உங்க மேல எனக்கு வருத்தம் வந்ததில்ல. இப்ப பஞ்சர்னு சொன்னியள்லா, அதுதான் நல்லா இல்ல."

பழத்தை வாயில் போடவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்கிற ஆசையில்தான் கேட்டேன். "அந்த வருசம் சேக்க முடியல. ஒரு வருசம் வீட்டுல சும்மா இருந்தா. பொறவு சேத்தேன், இப்ப ரெண்டாம் வருசம் படிக்கா" என்றார். என்னைத் தேற்றுவதற்குக்கூட அந்த ஒரு வருஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. நானும் அதை அவர் சொன்னபடியே வாங்கிக்கொண்டேன். "இப்ப சொந்த வண்டி. என்னைய நிப்பாட்டணும்னா நானேதான் நிப்பாட்டணும்" என்று சிரித்தார்.

அதோடு விட்டாரா? நாலாம் நாள் காலை எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாட்ஜ் வாசலில் யாரிடமோ இரவல் வாங்கிய கியர் சைக்கிளில், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து இறங்கினார். தென்காசிக்குப் போய், அங்கிருந்து அந்தக் காற்றுக்குள் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "ரெண்டாவது கியர்ல போட்டா பேசிக்கிட்டே வரலாம். எறக்கத்துல மட்டும் மெதுவாப் போகணும், அதுக்கு வேற வழி இல்ல. மேனேஜர்ட்ட கேட்டு ஒரு தகரமாவது போடச் சொல்லுங்க. மரத்தடியில நிப்பாட்டாதிய." கிளம்பும்போது திரும்பி, "நம்ம கடையிலயே வாங்குங்க. வேற கடையில இந்த வண்டி நல்லா இருக்காது" என்றார்.

நம்ம கடை! எனக்கு அந்த வாசல்படியை மிதிக்கவே பிடிக்காது. அவர் சொன்னதற்காகப் போனேன். முதலாளி ஆரஞ்சு வண்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லு. "அன்னைக்கே இத எடுத்திருக்கலாம்லாம்மா? அந்த ஆளு பேச்சக் கேட்டுத்தான இவ்வளவு நாளு கஷ்டப்பட்டிய?"

"இதையும் அவருதான் சொன்னாரு" என்றேன். "நாலு நாளைக்கு முன்னால காத்துக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு, நான் அன்னைக்குச் சொன்னது தப்புன்னு அவரே வந்து சொன்னாரு. வாங்குனா நம்ம கடையிலதான் வாங்கணும்னும் அவருதான் சொன்னாரு."

பில் போடுகிற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளி அவளிடமிருந்து பில் புத்தகத்தை வாங்கி, தானே எழுத ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, எதையோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. இந்தத் தடவை எனக்குப் பாதாம் பால் வரவில்லை.

அதற்கு இரண்டு சீசன் கழித்து அந்த இடத்தில் பழவண்டி இல்லை. மகளுக்குப் படிப்பு முடிந்து கேரளாவில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டதாகப் பக்கத்தில் சிப்ஸ் பொரிக்கிறவர் சொன்னார். அங்கே எந்த டீக்கடை வாசலில் எவன் சைக்கிளை அமுக்கிக்கொண்டிருக்கிறாரோ.

ஆனி முதல் ஆவணி வரைக்கும் நான் ஆரஞ்சு வண்டியில்தான் போகிறேன். ரெண்டாவது கியரில் போட்டால் பேசிக்கொண்டே போகலாம், அவர் சொன்னபடிதான். கறுப்பு வண்டியை மூன்று பேர் விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. பங்குனி பிறந்து காற்று செத்த பிறகு அதைத் துடைத்து வெளியே எடுப்பேன். வீட்டுக்காரர் இன்னும் கேலி செய்துகொண்டுதான் இருக்கிறார். செய்யட்டும். பங்குனிக்கு அது சரியான சைக்கிள்தான். இது அன்றைக்குப் பஞ்சர் என்று சொன்ன மாதிரிப் பொய் இல்லை.